சாட்சியின் முகவரி

மார்ச் 31, செவ்வாய்

இன்றைய தவறு: மிஸ்டர் டில்மனின் வாக்கு உறையில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே இருந்த கட்டத்தில் என் முகவரியை எழுதவில்லை.

சிறிய தவறுதான் என்று நினைக்கிறேன். நினைப்பது சரியா என்று தெரியவில்லை. மாலை வகுப்பில் மிஸஸ் ஓக்டன் எங்கள் எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். அலுவலக ஆவணப் பராமரிப்பு படிப்பவர்கள் முதல் வரியில் தங்கள் தவறு ஒன்றை எழுதிப் பழக வேண்டுமாம். இல்லையென்றால் வேலைக்குப் போன பிறகு அடுத்தவர் தவறை மட்டும்தான் எழுதுவோமாம். தொற்று வந்த பிறகு வகுப்பு கணினித் திரைக்குள் போய்விட்டது. தவறுகள் மட்டும் வெளியே நடக்கின்றன.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். மிஸ்டர் டில்மன் எனக்குக் கீழ்வீடு. எழுபத்து நான்கு வயது, தனி ஆள். முப்பது வருடம் வார்ப்படத் தொழிற்சாலையில் சுவாசித்த தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. சக்கரம் வைத்த ஆக்சிஜன் சிலிண்டரை நாய்க்குட்டி போல இழுத்துக்கொண்டு நடப்பார். அடுத்த செவ்வாய் அவருடைய கட்சியின் முதல்நிலைத் தேர்தல். இலையுதிர் காலத்தில் நடக்கும் பெரிய தேர்தலில் கட்சி சார்பில் யார் நிற்பது என்பதை அன்று மக்கள் முடிவு செய்ய வேண்டும். தபால் வாக்குச்சீட்டு வாங்கியிருந்தார். சீட்டை வைத்து ஒட்டும் உறையின் மேல் ஒரு சாட்சி கையெழுத்துப் போட்டு முகவரி எழுத வேண்டும். எங்கள் மாநிலத்தில் அதுதான் சட்டம்.

சாட்சிக்கான விதி உறையோடு வந்த தாளில் இருந்தது. வாக்காளர் சீட்டைக் குறிப்பதைச் சாட்சி நேரில் பார்க்க வேண்டும். எதைக் குறிக்கிறார் என்பதைப் பார்க்கக் கூடாது. சுகாதாரத் துறையின் தாள் அவர் கதவில் ஒட்டியிருந்தது. நுரையீரல் நோயாளியின் வீட்டுக்குள் வெளியாள் யாரும் நுழையக் கூடாது. இரண்டு தாள்களுக்கும் கீழ்ப்படிவதற்கு முன்வாசல் ஜன்னல்தான் ஒரே வழி. நான் வெளியே பனிச்சேற்றில் நின்றேன். அவர் உள்ளே மேசையில் உட்கார்ந்தார்.

"மேல்மாடி, பாக்குறியா?"

அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். என் பெயர் மார்லிஸ்.

"பாக்குறேன் மிஸ்டர் டில்மன்."

"என்ன போட்டேன்னு தெரியுதா?"

"தெரியல."

"அப்ப எதைத்தான் பாக்குற?"

"உங்க நெத்தியை."

திருப்திப்பட்டுக் குறித்து முடித்தார். கதவில் உள்ள தபால் துளை வழியாக உறை வெளியே வந்தது. கையுறையோடு கையெழுத்துப் போட்டேன். அதற்கு இரண்டு வரி மேலே வாக்காளர் முகவரி அச்சாகியிருந்தது: 418, கார்னெட் தெரு. நானும் அதே 418தான், மாடி. என் முகவரிதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று கண் கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது போலிருக்கிறது. நகர மன்றத்துக்கு வெளியே இருக்கும் இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பும்போது ஞாபகம் வந்தது. பெட்டியின் வாய் என் கை நுழையும் அளவுக்குப் பெரிதில்லை. இறங்கித் திரும்பிப் போய் முயன்று பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 1, புதன்

இன்றைய தவறு: தேர்தல் அலுவலகத்துக்குப் போன் செய்தால் விஷயம் முடிந்துவிடும் என்று நம்பினேன்.

நாற்பத்தேழு நிமிடம் ஒரு பதிவுக் குரல், உங்கள் குரல்தான் ஜனநாயகத்தின் குரல் என்று சொல்லி என்னைப் பேசவிடாமல் வைத்திருந்தது. பிறகு துணைச் செயலாளர் மிஸ்டர் பெல்ஷா பேசினார். மிக மரியாதையான மனிதர். நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, விடுபட்ட முகவரியைச் சாட்சியே தன் கையால் உறை மேல் எழுதலாம், அதற்குச் சட்டத்தில் தாராளமாக இடம் இருக்கிறது என்றார். உறையை எங்கே வந்து பார்க்கலாம் என்று கேட்டேன். அலுவலகத்தில். அலுவலகம் எப்போது திறக்கும்? தொற்று முடிந்த பிறகு.

"அதுக்குள்ள தேர்தல் முடிஞ்சிடுமே சார்."

"அதுதான் மேடம் எங்க பெருமை. நாங்க தேர்தலைத் தள்ளிப்போடல."

உறை இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். முத்திரையிட்ட பெட்டியில் என்றார். பெட்டியை எப்போது திறப்பார்கள்? தேர்தல் அன்று, வாக்குச்சாவடியில். அப்போது எழுதலாமா? அப்போது திறப்பது, குறை உள்ள உறைகளை நிராகரிப்பதற்காக. அப்படியானால் திருத்துவதற்காக எப்போது திறப்பார்கள்? அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன், பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார்.

மிஸ்டர் டில்மனுக்குப் புதிய சீட்டு கொடுக்க முடியுமா என்பதையும் கேட்காமல் விடவில்லை. பழைய சீட்டைக் கைவிடுகிறேன் என்று வாக்காளர் எழுதித் தந்தால் முடியும். அந்தக் கடிதத்துக்கும் ஒரு சாட்சி வேண்டும். சனிக்கிழமைக்குள் நேரில் கொண்டுவந்து தர வேண்டும். எங்கே? அலுவலகத்தில்.

போனை வைப்பதற்கு முன், பொதுநலனை முன்னிட்டு யாரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். உடனே, செவ்வாய்க்கிழமை தவறாமல் வாக்களிக்க வரும்படியும் கேட்டுக்கொண்டார். இரண்டுக்கும் நடுவில் மூச்சுகூட விடவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

இன்றைய தவறு: மிஸ்டர் டில்மனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு பகல் முழுதும் யோசித்தேன். உடனே சொல்லியிருக்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னேன். என் தவறு என்பதை மூன்று முறை சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியின் அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னார். இரண்டு வருடமாக அவர் தலைக்கு மேல் குடியிருக்கிறேன், எனக்கு இது தெரியாது. இளவயதில் ஒரு வழக்கில் சிறைக்குப் போயிருக்கிறார். தண்டனையும் அதன் பிறகு கண்காணிப்பும் முடிகிற வரைக்கும் வாக்குரிமை இல்லை.

"பதினோரு வருஷம் என் பேரு பட்டியல்ல இல்ல. ஒவ்வொரு தேர்தலுக்கும் வேலி ஓரமா நின்னு வரிசையைப் பாப்பேன். பேரு திரும்ப வந்ததுலேர்ந்து ஒண்ணுகூட விட்டதில்ல. தெருநாய் பிடிக்கிற அதிகாரிக்குத் தேர்தல் வச்சப்பக்கூட போனேன். ரெண்டு பேரு நின்னாங்க. ரெண்டு பேருக்கும் நாய்ன்னா பயம்."

இந்த முறை ஒன்றை விட்டுவிடுங்கள், பெரிய தேர்தல் வருகிறதே என்றேன். அவர் சிலிண்டரின் அளவுமானி முள்ளைப் பார்த்தார். பிறகு, உறை நிராகரிக்கப்பட்டால் மறைக்காமல் சொல்வதாக என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். நிராகரிக்கப்பட்டவர் நேரில் வந்து வாக்களிக்கலாம் என்று தாளில் இருக்கிறது. படித்து வைத்திருக்கிறார்.

நேரில் என்றால் வரிசை. வரிசை என்றால் கூட்டம். அவர் நுரையீரலுக்குக் கூட்டம் என்றால் என்ன என்பது கதவில் ஒட்டியிருக்கிறது. ஆகவே செவ்வாய்க்கு முன் அந்த உறையில் ஒரு வரி எழுதியாக வேண்டும். எனக்கு ஒரு யோசனை வந்தது.

ஏப்ரல் 4, சனி

இன்றைய தவறு: யோசனை.

வாக்குச்சாவடிப் பணியாளர்களில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். ஒரே வாரத்தில் எல்லோரும் விலகிவிட்டார்கள். ஆள் வேண்டும் என்று நகரம் கெஞ்சியது. உறைகள் திறக்கும் இடத்தில் நானே உட்கார்ந்தால் முகவரியை எழுதிவிடலாமே என்று பெயர் கொடுத்தேன். மூன்று நிமிடத்தில் நியமன ஆணை வந்தது. என் பெயரைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது.

இன்று திரை வழியாக நாற்பது நிமிடப் பயிற்சி. நடத்தியவர் மிஸ்டர் பெல்ஷா. பணியாளர் கையேடு போன வருடம் அச்சடித்தது. ஆறாம் பாடம், காது கேளாத வாக்காளரிடம் எவ்வளவு நெருங்கிக் குனிந்து பேச வேண்டும் என்பதைப் படத்தோடு விளக்குகிறது. இப்போது ஆறடி தள்ளி நிற்கச் சொல்கிறார்களே என்று ஒருவர் கேட்டார். கையேட்டை மாற்றும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு மட்டுமே உண்டு, சட்டமன்றம் தொற்றுக்குப் பயந்து கூடவில்லை என்று பதில் வந்தது. சாவடிக்கு ஒரு கைகழுவும் திரவப் புட்டியும் தரையில் கோடு போட இரண்டு சாக்பீஸும் தருவார்கள். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் புதுப் பேனா உண்டு. அதை நினைவுப் பரிசாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பயிற்சி முடிவதற்குள் திருத்தம் வந்தது: பேனா போதாது, திரும்ப வாங்கிவிடவும்.

கடைசியில் கேள்வி கேட்க நேரம் கொடுத்தார்கள். சாட்சியாகக் கையெழுத்திட்டவர் பணியாளராகவும் இருந்தால், உறையில் தன் முகவரியை எழுதலாமா என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி. கூடவே கூடாது. தான் சாட்சி சொன்ன உறையைப் பணியாளர் தொட்டா அது பாரபட்சம். தெரியாதவங்க தொடலாம். தெரியாதவங்களுக்கு உங்க முகவரி தெரியாது. அதனால யாரும் எழுத முடியாது. முறைகேட்டுக்கு வழியே இல்லாம அடைச்சு வச்சிருக்கோம் மேடம்."

விலகிக்கொள்ளலாமா என்று கேட்டேன். விலகுவதற்கான கடைசி நாள் நேற்று.

ஏப்ரல் 6, திங்கள்

இன்றைய தவறு: மத்தியானம் மிஸ்டர் டில்மனிடம் போய்த் தேர்தல் இல்லை என்று சொன்னேன்.

பத்தரைக்கு ஈமெயில்: நாளை தேர்தல் உண்டு. பன்னிரண்டே முக்காலுக்கு: மாநில அரசு தேர்தலை ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டது, முந்தைய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம். இதை நம்பித்தான் ஓடினேன். அவர் கண்ணாடிக்குப் பின்னால் கைதட்டினார். ஜூனுக்குள் புதிய சீட்டு, புதிய உறை, இந்த முறை முகவரியை நீ முதலில் எழுது, பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிண்டல் செய்தார். நான்கு மணிக்கு: பணியாளர்கள் தயாராகவும் இருக்க வேண்டும், தயாராக இல்லாமலும் இருக்க வேண்டும். ஐந்தரைக்கு: நீதிமன்றம் தள்ளிவைப்பை ரத்து செய்தது, நாளை காலை ஏழு மணிக்குத் தேர்தல், இதற்கு முன் வந்த எல்லாக் கடிதங்களையும் பொருட்படுத்த வேண்டாம். கீழே ஒரு வரி: நீதிபதிகள் தத்தம் வீட்டிலிருந்தபடியே திரை வழியாகக் கூடி, மக்கள் நேரில் வரலாம் என்று முடிவு செய்தார்கள்.

நகரில் வழக்கமாக முப்பத்தெட்டு சாவடிகள். ஆள் இல்லாததால் நாளை மூன்று.

திரும்ப ஜன்னலுக்குப் போனேன். இம்முறை கைதட்டல் இல்லை.

ஏப்ரல் 8, புதன்

நேற்று எழுதவில்லை. அதுவும் தவறுதான், ஆனால் அதை இன்றைய தவறாகப் போட்டால் ஏமாற்று வேலை. தவறு இது: நேற்று மாலை மிஸ்டர் டில்மனிடம் மாஸ்க்கை இறக்கச் சொன்னேன்.

சாவடி ஒரு பள்ளியின் விளையாட்டு மண்டபம். ஆறரைக்கே வரிசை பள்ளியைச் சுற்றி, பக்கத்துத் தெருவைச் சுற்றி, மறுபடியும் பள்ளிக்கே வந்துவிட்டது. முதலில் வந்தவரும் கடைசியில் வந்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுகாதாரத் துறை வைத்த பலகை, கூட்டமாக நிற்காதீர்கள் என்றது. தேர்தல் அலுவலகம் வைத்த பலகை, வாகனப் பாதையை மறைக்காமல் நெருங்கி நில்லுங்கள் என்றது. மக்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றார்கள்.

மிஸ்டர் பெல்ஷா எங்கள் சாவடிக்குப் பொறுப்பு. ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டார். வாசலோரம் காரை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருந்தார். காரின் கூரையில் ஒரு ஒலிபெருக்கி. அதன் வழியாகக் காலை உரை நிகழ்த்தினார்.

"நண்பர்களே, பயப்படாதீங்க. இந்த நகரத்துலயே பாதுகாப்பான இடம் இந்த மண்டபம்தான். எனக்கு எப்படித் தெரியும்னா, காலையிலேர்ந்து நான் இங்கேயேதான் இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகல."

தபால் உறைகள் இருந்த பெட்டியைக் கார் ஜன்னலுக்குக் கொண்டுபோனார்கள். அவர் இரண்டு விரல் அளவுக்குக் கண்ணாடியை இறக்கி, உறைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துப் பார்த்து வெளியே தள்ளினார். பதினொரு மணிக்குப் பெட்டி மண்டபத்துக்குத் திரும்பியது. என்னை அடையாள அட்டை சரிபார்க்கும் மேசையில் உட்கார வைத்திருந்தார்கள். பெட்டி என்னிடமிருந்து மூன்றடி. மேலாக இருந்த உறை அவருடையது. டில்மன், ஹோபர்ட். 418, கார்னெட் தெரு. அதன் கீழே என் கையெழுத்து. அதன் கீழே காலிக் கட்டம். அதன் குறுக்கே சிவப்பு முத்திரை: நிராகரிக்கப்பட்டது. என் கையில் பேனா இருந்தது. எழுதவில்லை. எழுதினால் பாரபட்சம்.

பத்து நிமிட ஓய்வில் அவருக்குப் போன் செய்தேன். வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று இன்று தோன்றுகிறது, நேற்றும் தோன்றியது. வரிசை நான்கு மணி நேரம் என்றேன். ஆலங்கட்டி விழுகிறது என்றேன். இருவர் இருமுகிறார்கள் என்றேன். யாருக்குப் போட்டோம் என்பதே இப்போது தனக்கு மறந்துபோய்விட்டது, அது முக்கியமில்லை என்றார்.

"ஒரு தடவை பட்டியல்ல பேரு பக்கத்துல கோடு விழாம போச்சுன்னு வை, அடுத்த தடவை பேரையே தேடணும். எனக்குத் தேடிப் பழக்கம் இருக்கு. மறுபடி தேட மூச்சு இல்ல. வர்றேன்."

பேருந்தில் வந்தார். நான்கு மணி வாக்கில் வாசலுக்கு அருகே ஒலிபெருக்கி உயிர்பெற்றது. மண்டபத்தின் திறந்த கதவு வழியாக எல்லாம் கேட்டது. வெளியே நின்றவர்கள் அவரை முன்னால் போகச் சொல்லியிருக்கிறார்கள். வரிசை மாறி நிற்பது வாக்காளர்மீது செல்வாக்குச் செலுத்துவதாகும் என்று காருக்குள்ளிருந்து மிஸ்டர் பெல்ஷா தடுத்துவிட்டார். உடல் நலமில்லாதவர்களுக்கு வண்டியோர வாக்களிப்பு உண்டே, சீட்டை வெளியே கொண்டுவந்து தருவீர்களே என்று யாரோ கேட்டார்கள். உண்டு. அதற்கென்று ஒரு இடம் குறித்து நீலப் பலகையும் வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் மிஸ்டர் பெல்ஷாவின் கார் நின்றது. அதுகூடப் பிரச்சினை இல்லை, நகர்த்தத் தயார், ஆனால் வாக்காளர் வாகனத்தில் வந்திருக்க வேண்டும்.

"இதுல சக்கரம் இருக்கு சார்" என்றார் மிஸ்டர் டில்மன். சிலிண்டர் வண்டியைச் சொன்னார்.

ஒலிபெருக்கியில் பக்கங்கள் புரண்டன. "வாகனம்னா பதிவு எண் இருக்கணும்."

"எண் இருக்கே. வாசிக்கட்டுமா?"

வரிசை சிரித்தது. அவர் சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருந்த எண்ணை நிதானமாக வாசித்தார். ஒன்பது இலக்கம், நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினார். மறுபடியும் பக்கங்கள் புரண்டன. அந்த எண் போக்குவரத்துத் துறை கொடுத்ததா என்று மிஸ்டர் பெல்ஷா கேட்டார். இல்லை. அப்படியானால் வருத்தம் என்றார். உண்மையான வருத்தம் குரலில் இருந்தது. பொருத்தமான இன்னொரு விதி இருந்திருந்தால் அவர் கட்டாயம் உதவியிருப்பார்.

ஐந்தே காலுக்கு மிஸ்டர் டில்மன் என் மேசைக்கு வந்தார். தலைமுடியில் ஆலங்கட்டி கரைந்து வழிந்துகொண்டிருந்தது. கையேடு, பாடம் நான்கு: அட்டையில் உள்ள படத்தையும் முகத்தையும் குறைந்தது மூன்று நொடி ஒப்பிட வேண்டும்; தெரிந்தவர் என்ற காரணத்துக்காக யாரையும் விட்டுவிடக் கூடாது. அன்று காலையிலிருந்து அறுநூற்றுப் பதினொரு பேரை மாஸ்க்கை இறக்கச் சொல்லியிருந்தேன்.

"நான் யாருன்னு தெரியலையா மேல்மாடி?"

"தெரியும் மிஸ்டர் டில்மன். ஆனா பாக்கணும்."

இறக்கினார். மூன்று நொடி எண்ணினேன். அவருக்குப் பின்னால் நின்றவர் முழங்கையில் இருமினார். பட்டியலில் அவர் பெயரைத் தேடினேன். அங்கேயேதான் இருந்தது. பக்கத்தில் கோடு போட்டேன்.

வாக்களித்தவர்களுக்குத் தரும் 'நான் வாக்களித்தேன்' ஒட்டுச்சீட்டை மேலங்கியில் ஒட்டிக்கொள்ளாமல் சிலிண்டரில் ஒட்டிக்கொண்டு போனார்.

இன்று காலை செய்தி: கட்சி வேட்பாளர் போட்டியில் மீதமிருந்த இருவரில் ஒருவர் விலகிவிட்டார். நேற்றைய வாக்குகளை இன்னும் எண்ணவில்லை. தேர்தல் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வரலாறு காணாத வெற்றி என்கிறது. ஒரு சிறு குறை மட்டும் நேர்ந்ததாம்: எதிர்பார்த்ததை விட வாக்காளர்கள் அதிகமாக வந்துவிட்டார்கள். நவம்பரில் வரும் பெரிய தேர்தலுக்குள் அதைச் சரிசெய்துவிடுவார்களாம்.

ஏப்ரல் 17, வெள்ளி

இன்றைய தவறு: மூன்று நாளாகத் தரை வழியாக மிஸ்டர் டில்மனின் இருமல் கேட்டது. பழைய இருமல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் ஆம்புலன்ஸ் வந்தது. நான் படியில் நின்றேன். இறங்கி வரக் கூடாது என்று கையைக் காட்டிவிட்டார். தபாலை எடுத்து வைக்கச் சொன்னார். சிலிண்டரை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை, மருத்துவமனையில் வேறு இருக்கிறதாம். அது முன்வாசலில் ஒட்டுச்சீட்டோடு நிற்கிறது.

எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு முறை பரிசோதித்தார்கள்.

ஏப்ரல் 20, திங்கள்

இன்றைய தவறு: போனில் உண்மையைச் சொல்லிப் படிவத்தைக் கெடுத்தேன்.

தொற்று எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினார். நல்ல பெண். மிஸ்டர் டில்மன் கடந்த இரண்டு வாரத்தில் எங்கே போனார் என்று கேட்டார். வாக்குச்சாவடிக்கு மட்டும் என்றேன். அவர் திரையில் தேடினார். பட்டியலில் உணவகம், தேவாலயம், திருமண விருந்து, உல்லாசக் கப்பல் எல்லாம் இருந்தன. வாக்குச்சாவடி இல்லை. அதைச் சேர்க்கத் தேர்தல் அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும், தங்கள் சாவடிகளில் யாருக்கும் தொற்றவில்லை என்று அவர்கள் முன்கூட்டியே எழுதித் தந்திருக்கிறார்கள் என்றார்.

"கப்பல்னு போடட்டுமா மேடம்? எதையாவது போட்டாத்தான் அடுத்த பக்கம் திறக்கும்."

அவர் வாழ்நாளில் கப்பல் ஏறியதில்லை என்றேன். கடைசியில், வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்று பதிவு செய்துகொண்டார். அப்படியானால் வீட்டுக்கு யார் கொண்டுவந்தது என்று அடுத்த பக்கம் கேட்டது. மாடியில் குடியிருப்பவர் என்று என்னைப் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 23, வியாழன்

இன்றைய தவறு எது என்று தெரியவில்லை. நாள் முழுதும் தேடிப் பார்த்தேன். எங்கோ இருக்க வேண்டும்.

தேர்தல் அலுவலகத்திலிருந்து மிஸ்டர் டில்மனுக்குக் கடிதம். பதினாறாம் தேதி எழுதியது, இன்றுதான் வந்தது. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். ஐலீன் என்ற செவிலியர் போனை அவர் காதில் வைத்துப் பிடித்தார். பிரித்துப் படி என்றார் மிஸ்டர் டில்மன். படித்தேன்.

சாட்சியின் முகவரி இல்லாத உறைகளை, அந்த முகவரியை வேறு வழியில் அறிய முடிந்தால், நிராகரிக்கக் கூடாது என்று நீதிமன்றம் ஏப்ரல் ஆறாம் தேதியே உத்தரவிட்டிருக்கிறது. உத்தரவு அலுவலகத்துக்கு ஏழாம் தேதி மாலை, சாவடி மூடிய பிறகு வந்து சேர்ந்தது. அதன்படி உறையை மறுபடி பரிசீலித்தார்கள். சாட்சியின் முகவரி உறையிலேயே இரண்டு வரி மேலே அச்சிடப்பட்டிருப்பது தெரியவந்தது. ஆகவே தபால் வாக்கு ஏற்கப்பட்டு எண்ணப்பட்டது. வாழ்த்துகள். ஆனால் வாக்காளர் அதே நாளில் நேரிலும் வாக்களித்திருப்பதாக ஆவணங்கள் காட்டுகின்றன. ஒரே தேர்தலில் இரு முறை வாக்களிப்பது கடுங்குற்றம். குற்றம் செய்யும் எண்ணம் இருக்கவில்லை என்பதை இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டு, இருபத்து நான்காம் தேதி மாலை ஐந்து மணிக்குள் நகர மன்ற இரும்புப் பெட்டியில் சேர்க்க வேண்டும். தவறினால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டு, விவகாரம் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அனுப்பப்படும். கீழே மிஸ்டர் பெல்ஷாவின் கையெழுத்து. அதன் கீழே ஒரு குறிப்பு: படிவத்தில் கையெழுத்திடுவதை ஒரு சாட்சி நேரில் பார்க்க வேண்டும். சாட்சி தன் முகவரியை எழுத வேண்டும்.

போனில் மூச்சுச் சத்தம் கேட்டது. அது அவர் மூச்சா இயந்திரத்தின் மூச்சா என்று பிரித்தறிய முடியவில்லை.

"கோடு போட்டியா?" என்றார்.

"போட்டேன் மிஸ்டர் டில்மன். ரெண்டு இடத்துல போட்டுட்டாங்க."

சிரித்தார் என்று நினைக்கிறேன். அது இருமலாக மாறி ஐலீன் போனை எடுத்துக்கொண்டார். அவர் நேராகச் சொன்னார். ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே போகிறது. நாளை நண்பகலில் மருத்துவர்கள் பார்த்துவிட்டுத் தொண்டையில் குழாய் போடுவார்கள். போட்ட பிறகு அவரால் பேசவும் முடியாது, கையெழுத்துப் போடவும் முடியாது, மயக்கத்தில் வைத்திருப்பார்கள். நோயாளிகளின் தாள்களில் ஊழியர்கள் சாட்சி போட மருத்துவமனை விதி அனுமதிக்காது. பார்வையாளர்களுக்கும் அனுமதி இல்லை. இரண்டையும் சொல்லி முடித்துவிட்டு அவரே சொன்னார்: அறை தரைத்தளத்தில், ஜன்னல் பெரிதாக இருக்கும், திரையை விலக்கி வைக்கிறேன்.

இந்த நேரத்தில் அவரை எழுப்பி உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குவது சரியா என்று ஐலீனிடம் கேட்டேன். பின்னால் மிஸ்டர் டில்மன் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. பேப்பரைக் கொண்டா என்கிறார், அதையே மறுபடி மறுபடி சொல்கிறார் என்றார் ஐலீன்.

நாளை செய்ய வேண்டியது: காலை எட்டு இருபது பேருந்து. மருத்துவமனையின் கிழக்குப் பக்கம், மூன்றாவது ஜன்னல், பத்து மணி. படிவத்தை வாசலில் ஐலீனிடம் கொடுத்து, கையெழுத்தான பிறகு திரும்ப வாங்க வேண்டும். பேனா இரண்டு. அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும், இந்த முறை கையை. அங்கிருந்து நகர மன்றம், இரும்புப் பெட்டி, ஐந்து மணிக்குள். படிவத்தில் முகவரியை முதலில் எழுத வேண்டும்: 418, கார்னெட் தெரு, மாடி.